உள்ளது உள்ளபடி

"உள்ளது உள்ளபடி சொல்" என்று குழந்தையிடம் கேட்கிறோம். சாட்சிக் கூண்டில் ஏறி நிற்பவனிடமும் அதையே கேட்கிறோம். ஒளிக்காமல், கூட்டாமல், குறைக்காமல் பேசுவதற்கு நம் மொழி வைத்திருக்கும் பெயர் அது. ஆனால் கடைத்தெருவுக்குள் நுழைந்ததும் இதே சொற்றொடர் வேறு வேஷம் போட்டுக்கொள்கிறது. கடன் பாக்கிக்காகக் கைப்பற்றிய வீட்டை வங்கிக்காரர்கள் ஏலம் விடும் அறிவிப்பைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். சொத்து உள்ளது உள்ளபடி விற்கப்படும் என்ற பொருளில் ஒரு வரி அதில் இருக்கும். 'உள்ளதைச் சொல்லுகிறோம்' என்று அதற்கு அர்த்தமில்லை. 'உள்ளது என்ன என்று எங்களைக் கேட்காதே' என்று அர்த்தம். உண்மைக்கு வைத்த பெயரை எடுத்து மௌனத்துக்குச் சூட்டியிருக்கிறோம்.

ஆங்கிலத்தில் இதற்கு இரண்டே சின்னஞ்சிறு சொற்கள்: 'ஆஸ் ஈஸ்.' அமெரிக்க நாட்டு வாணிபச் சட்டத்தில் இந்த இரண்டு சொற்களுக்கும் தனி மரியாதை உண்டு. எழுதி வைத்துவிட்டால், பொருள் அதன் வேலையைச் செய்யும் என்று சட்டம் தானாகவே வாங்குகிறவனுக்கு அளிக்கிற உறுதி விலகிவிடுகிறது. துணிந்து பொய் சொன்னவனை இந்தச் சொற்கள் காப்பாற்றமாட்டா. சும்மா இருந்தவனைக் காப்பாற்றும். சும்மா இருப்பதே சுகம் என்று பெரியவர்கள் சொன்னதற்கு இப்படியும் ஒரு பயன் இருக்கும் என்று அவர்கள் நினைத்திருக்கமாட்டார்கள்.

இந்த இரண்டு சொற்களின் எடை எனக்கு விளங்கியது நூலகத்தில் அல்ல. சேறும் புல்லுமாகக் கிடந்த ஒரு மைதானத்தில்.

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் ஜீனியா என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்தப் பெயர் கிரேக்கச் சொல். நம்முடைய விருந்தோம்பலுக்கு, அதிலும் முகம் தெரியாத அந்நியனை உபசரிக்கிற பண்புக்கு, கிரேக்கர்கள் வைத்த பெயர் அது. ஆண்டுதோறும் மே மாதத்தில் அங்கே ரேடியோப் பிரியர்களின் பெரிய கூட்டம் ஒன்று கூடுகிறது. 1952-இல் பக்கத்து நகரமான டேட்டனில் தொடங்கி, 2017-இலிருந்து ஜீனியாவில் நடக்கும் 'ஹாம்வென்ஷன்' அது. அரசாங்கத்திடம் உரிமம் வாங்கிக்கொண்டு, வியாபாரத்துக்காக இல்லாமல் சொந்த ஆசைக்காக வானலையில் பேசிக்கொள்கிறவர்கள் இவர்கள். என் பெரியப்பா மகன் அவர்களில் ஒருவர். முப்பது வருஷத்துக்கு மேலாக அந்த நாட்டில் இருக்கிறார். அண்ணி அவரை எதற்கு வேண்டுமானாலும் மன்னித்துவிடுவார், கொல்லையில் அவர் நட்டிருக்கும் கம்பத்துக்கு மட்டும் மன்னிக்கவில்லை.

அவரோடு ஒரு வருஷம் நானும் அங்கே போயிருந்தேன். மைதானத்தில் ஆயிரக்கணக்கான பேர். காரின் பின்பக்கத்தைத் திறந்து வைத்தும், மடக்கு மேஜை போட்டும், கித்தானை விரித்தும் பழைய சாமான் விற்கிறார்கள். நம் ஊர்ச் சந்தையில் கத்தரிக்காய் குவித்திருப்பது போல வால்வுகளும் கம்பிச் சுருள்களும் குவிந்து கிடந்தன. அண்ணா எதையும் பார்க்காமல் நேரே நடந்தார். அவருக்கு வேண்டியது ஒரு பவர் சென்சார்.

அது என்ன என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் மேலே நான் பேசப்போவது விளங்காது. ரேடியோ அலையில் எவ்வளவு வாட் சக்தி இருக்கிறது என்று அளப்பதற்குப் பவர் மீட்டர் என்று ஒரு கருவி உண்டு. அந்த மீட்டருக்கு நாக்கு மாதிரி இருப்பது சென்சார். உள்ளங்கையில் அடங்கிவிடும் உலோகத் துண்டு. ஒரு முனையில் அலை நுழைகிற இணைப்பு, மறுமுனையில் மீட்டருக்குப் போகும் கேபிளுக்கான இணைப்பு. ஹ்யூலெட் பேக்கார்ட் கம்பெனி 1970-களில் செய்த 8481ஏ என்ற சென்சாரை இந்தக் கூட்டத்தார் இன்றும் தேடி வாங்குகிறார்கள். அந்தக் கம்பெனியின் அளவுக்கருவிப் பிரிவு 1999-இல் அஜிலண்ட் ஆயிற்று, 2014-இல் கீசைட் ஆயிற்று. பிறந்த வீட்டுக்கு இரண்டு தடவை பெயர் மாறியும் பிள்ளை உழைத்துக்கொண்டிருக்கிறது.

அதன் வேலை எளிமையானது. உள்ளே வருகிற அலை மிகச் சிறிய ஒரு சந்திப்பைச் சூடாக்குகிறது. இரண்டு வேறு பொருள்கள் கூடுகிற இடம் சூடேறினால் அங்கே துளி மின்னழுத்தம் பிறக்கும். சக்தி மிகக் குறைவாக இருக்கும்போது அந்தத் துளி ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இராது. மீட்டர் அதைப் பெருக்கி எண்ணாகக் காட்டுகிறது. இந்தச் சென்சார் அளக்கக்கூடிய உச்சம் 100 மில்லிவாட். சராசரியாக 300 மில்லிவாட்டுக்கு மேல் போனால் தாங்காது. போலீஸ்காரர் இடுப்பில் பார்க்கிறோமே, அந்த மாதிரிக் கையடக்க வாக்கி டாக்கி ஏறக்குறைய 5 வாட் விடுகிறது. அதைத் தவறிப்போய் நேராக இதில் மாட்டினால் ஒரு கணத்தில் முடிந்தது கதை. பெரிய சக்தியை அளக்க வேண்டுமானால் நடுவில் ஒரு தடுப்பானை வைத்து, ஆயிரத்தில் ஒரு பங்கை மட்டும் உள்ளே விட்டு, வந்த எண்ணை ஆயிரத்தால் பெருக்கிக்கொள்வார்கள்.

முழுதும் எரிந்த சென்சாரால் யாருக்கும் கெடுதல் இல்லை. அது ஊமை. மீட்டர் ஒன்றும் காட்டாது, தூக்கி எறிந்துவிடலாம். கெடுதல் அரைகுறையாக அடிபட்டதில்தான். அது பேசும். தயக்கமில்லாமல், தசம புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வைத்துப் பேசும். பேசுவது பொய்யாக இருக்கும்.

மீட்டரிலேயே ஒரு சோதனை இருக்கிறது. 50 மெகாஹெர்ட்ஸில் சரியாக 1 மில்லிவாட் கொடுக்கிற ஒரு வாசல் அதன் முகப்பில் உண்டு. சென்சாரை அதில் செருகி, மீட்டர் 1.00 காட்டும் வரை ஒரு திருகைத் திருப்பினால் போதும். ஆனால் அந்த ஓர் இடத்தில் ஒழுங்காகப் பேசிவிட்டு, மேலே 10,000 மெகாஹெர்ட்ஸுக்குப் போனதும் புளுகுகிற சென்சார்கள் இருக்கின்றன. கோயிலில் மட்டும் உண்மை பேசுகிற மனிதர்களைப் போல. அதற்காகத்தான் ஒவ்வோர் அலைவரிசைக்கும் எத்தனை சதவீதம் திருத்திக்கொள்ள வேண்டும் என்று சென்சாரின் உடம்பிலேயே சீட்டு ஒட்டி அனுப்புகிறார்கள். உள்ளே இருக்கிற உறுப்பு எரிந்து, யாரோ புது உறுப்பு போட்டுவிட்டு, பழைய சீட்டை அப்படியே விட்டிருந்தால்? சீட்டு வேறொருவருடைய ஜாதகம் ஆகிவிடும்.

அண்ணா தேடிய மேஜை கிடைத்தது. ஒரு தட்டில் அதே ரகத்தில் ஒன்பது சென்சார்கள். எங்கோ மூடிப்போன தொழிற்சாலையின் சாமான்களை மொத்தமாக எடுத்ததில் வந்தவையாம். முன்னால் ஓர் அட்டை: 'ஆஸ் ஈஸ். சோதித்துப் பார்க்கவில்லை.' விலை தலைக்கு 90 டாலர். நாலு மேஜை தள்ளி, சோதித்துப் பார்த்து, வேலை செய்யாவிட்டால் பணம் வாபஸ் என்று ஒரு கிழவர் 100 டாலருக்கு விற்றிருக்கிறார். அவரிடம் காலையிலேயே தீர்ந்துவிட்டது.

அண்ணா சட்டைப்பையிலிருந்து ஒரு சிறிய அளவுகோலை எடுத்து இணைப்பின் நடு ஊசியைப் பார்த்தார். ஊசி முடியளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் ஆபத்து. அதைக் கொண்டுபோய் நல்ல மீட்டரில் செருகினால் அந்த மீட்டரின் வாசலும் கெடும். பிறகு அங்கே செருகுகிற நல்ல சென்சாரும் கெடும். தொற்றுநோய்தான். ஒன்பதில் இரண்டை அப்படி ஒதுக்கினார். மற்றவற்றில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டார்.

நான் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேஜையின் கோடியில் இதே சென்சாருக்கான மீட்டர் ஒன்று விற்பனைக்கு இருந்தது. அதற்கான கேபிளும் இருந்தது. மேஜைக்கு அடியில் ஒரு பேட்டரிப் பெட்டி. அதில் விற்கிறவருக்காக மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"இந்த மீட்டரில் ஒரு நிமிஷம் மாட்டிப் பார்க்கலாமா?" என்று அண்ணா கேட்டார்.

"நான் எதையும் சோதிப்பதில்லை. அதனால்தான் இப்படி எழுதியிருக்கிறேன்" என்றார் விற்கிறவர். குரலில் கோபம் இல்லை. நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். எங்களுக்கு உட்கார நாற்காலிகூடக் கொடுத்தார்.

அண்ணா பேரம் பேசி 70 டாலருக்கு வாங்கினார். காருக்குத் திரும்பும்போது, "ஏன் அண்ணா வாங்கினீர்கள்?" என்றேன். "புதிதாக வாங்கினால் ஆயிரக்கணக்கில் ஆகும். எழுபதுக்குச் சூதாட்டம் ஆடலாம்" என்று சிரித்தார்.

சூதாட்டத்தில் தோற்றார். 50 மெகாஹெர்ட்ஸில் அது சமர்த்தாக 1.00 காட்டியது, திருகை மட்டும் கோடி வரை திருப்ப வேண்டியிருந்தது. 10,368 மெகாஹெர்ட்ஸில், நம்பிக்கையான இன்னொரு சென்சாரோடு ஒப்பிட்டபோது, ஐந்தில் ஒரு பங்கு குறைத்துச் சொன்னது. ஐந்தில் ஒன்று பிரமாதமில்லை என்று நினைத்தேன். "உனக்கு இல்லை" என்றார் அண்ணா. "இதை நம்பி ஒருவன் ஆண்டெனாவுக்கு எவ்வளவு அருகில் நிற்கலாம் என்று கணக்குப் போடுவான். எந்திரம் குறைத்துச் சொல்லும். அவன் நிற்கக்கூடாத இடத்தில் நிற்பான்."

அன்று மாலை அவருடைய ரேடியோ சிநேகிதர் ஒருவர் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, தோளைக் குலுக்கியபடி சொன்னார்: "அடுத்த மே மாதம் நீயும் ஒரு மேஜை போடு. அதே அட்டையை எழுதி வை. எழுபது திரும்பி வந்துவிடும்."

அவர் கெட்டவர் இல்லை. அந்த ஊரில் பத்துப் பேரைக் கேட்டால் ஐந்து பேராவது அப்படித்தான் சொல்வார்கள். நம் ஊரில் கேட்டால் எத்தனை பேர் என்று நான் எண்ணப் போவதில்லை. அண்ணா பதில் சொல்லவில்லை. எனக்கு மட்டும் அன்று இரவு தூக்கம் வரவில்லை. எழுபது டாலருக்காக அல்ல, ரோடு தீவின் கோதுமை வியாபாரிக்காக.

கி.மு. 44-இல் ரோமாபுரி நாவலர் சிசரோ, ஏதன்ஸில் படித்துக்கொண்டிருந்த தம் மகனுக்காகக் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் மூன்றாம் பாகத்தில் ஒரு வழக்கு வருகிறது. ரோடு தீவில் பஞ்சம். கோதுமை விலை விண்ணை முட்டுகிறது. அலெக்ஸாண்டிரியாவிலிருந்து ஒரு வியாபாரி கப்பல் நிறையக் கோதுமையோடு வந்து சேர்கிறான். பின்னாலேயே வேறு கப்பல்களும் பாய் விரித்து வருவதை அவன் வழியில் பார்த்திருக்கிறான். அதை ஊராரிடம் சொல்லிவிட்டு விற்பதா, வாயை மூடிக்கொண்டு கிடைத்த விலைக்கு விற்பதா? அவன் யோக்கியன், சொல்லாமல் இருப்பது அதர்மம் என்று தெரிந்தால் சொல்லிவிடுவான், ஆனால் அது அதர்மம்தானா என்றே அவனுக்குச் சந்தேகம் என்று சிசரோ வைத்துக்கொள்கிறார். அங்கேதான் அவருடைய சாமர்த்தியம். அயோக்கியனை வைத்துத் தர்மவிசாரம் நடத்துவது மிகச் சுலபம்.

இரண்டு தத்துவ ஞானிகள் இதில் மோதுகிறார்கள். பாபிலோன் ஊர் டயோஜனிஸ் குரு. ஆன்டிபேட்டர் அவருடைய சீடர். சொல்ல வேண்டும் என்கிறார் சீடர். மனிதர்கள் ஒரே சமூகமாக வாழப் பிறந்தவர்கள். உன் நன்மையும் ஊர் நன்மையும் ஒன்று. பக்கத்தில் இருக்கிற செழிப்பை அவர்களிடமிருந்து ஒளிப்பாயா? குரு லேசான ஆள் இல்லை. ஒளிப்பது வேறு, சொல்லாமல் இருப்பது வேறு என்கிறார். கடவுளின் இயல்பு என்ன என்று எனக்குத் தெரிந்திருந்தும் இப்போது உன்னிடம் சொல்லவில்லை. அது கோதுமை விலையைவிடப் பயனுள்ள செய்தியாயிற்றே, அதனால் உன்னை ஏமாற்றிவிட்டேனா? எல்லாவற்றையும் எல்லாருக்கும் சொல்ல வேண்டுமானால் பிறகு விற்பனை ஏது, தானம்தான் மிஞ்சும்.

அடுத்தாற்போல் ஒரு வீடு வருகிறது. வெளிப் பார்வைக்கு நல்ல வீடு, உள்ளே படுக்கையறைக்குப் படுக்கையறை பாம்பு, மரம் உளுத்திருக்கிறது. சொந்தக்காரனைத் தவிர யாருக்கும் தெரியாது. வாங்கு என்று யார் கட்டாயப்படுத்தினார்கள் என்று கேட்கிறார் குரு. குடியிருக்க லாயக்கில்லாத வீடு விற்பனைக்கு என்று தமுக்கு அடிக்கச் சொல்கிறாயா என்று கேலி செய்கிறார். சீடர் சொல்லும் பதில்தான் எனக்குப் பிடித்தது. வழி தவறியவனுக்கு வழி காட்ட மறுப்பவனை ஏதன்ஸ் நகரத்தார் சபிப்பார்களாம். இது அதைவிடக் கேடு, ஏனென்றால் இங்கே தெரிந்தே ஒருவனை வழி தவறவே விடுகிறோம் என்கிறார். சிசரோ சீடர் பக்கம் தீர்ப்புச் சொல்லுகிறார். சொல்லாமல் இருப்பதெல்லாம் ஒளிப்பதல்ல. உனக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாமலிருந்தால் உனக்கு லாபம் என்பதற்காகத் தெரியாமல் வைத்திருப்பதே ஒளிப்பது என்று அவர் வரையறை வகுக்கிறார்.

நல்ல வரையறைதான். ஆனால் ஜீனியா மைதானத்து மனிதருக்கு இது பொருந்தாது. சிசரோவின் வியாபாரிகளுக்கெல்லாம் உண்மை தெரியும். கப்பலைக் கண்ணால் பார்த்தவன் அவன்; பாம்போடு படுத்து எழுந்தவன் இவன். நம் மனிதருக்கோ சென்சார் நல்லதா கெட்டதா என்று சத்தியமாகத் தெரியாது. அட்டையில் எழுதியிருந்தது முழு உண்மை. அவர் எதையும் ஒளிக்கவில்லை, ஒளிக்க அவரிடம் ஒன்றும் இல்லை.

ஏன் இல்லை? அதைக் கேட்டால்தான் காரியம் விளங்குகிறது. மீட்டர் மேஜையில் இருந்தது, கேபிள் இருந்தது, மின்சாரம் விசிறியைச் சுழற்றிக்கொண்டிருந்தது. ஒன்பது சென்சாருக்கு ஒன்பது நிமிஷம். அத்தனை வசதியும் கையெட்டுகிற தூரத்தில் இருக்க, அந்த மனிதர் தம் அறியாமையைப் பத்திரமாகப் பாதுகாத்து வைத்திருந்தார். அவருக்கு அது சரக்கைவிட விலை உயர்ந்த சரக்கு. தெரிந்துகொண்டால், கெட்டவை எத்தனை உண்டோ அத்தனைக்கும் விலை போய்விடும். தெரியாத வரைக்கும் ஒன்பதும் நல்லதாக இருக்கக்கூடிய ஒன்பது.

மீட்டரே இல்லாத ஒரு விதவை, புருஷனுடைய பெட்டியிலிருந்த சாமானை எடுத்து வந்து 'இது என்னவென்று எனக்குத் தெரியாது' என்று விற்றால், அதுவும் 'சோதித்துப் பார்க்கவில்லை'தான். அவர் சொல்வதும் இவர் எழுதியதும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. அவருடையது இல்லாமையால் வந்த அறியாமை, இவருடையது வேலி போட்டு வளர்த்த அறியாமை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு அடையாளமும் இருக்கிறது. அது விலை. எட்டு டாலர், பத்து டாலர் என்று கேட்டிருந்தால், 'இது செத்ததாகவும் இருக்கலாம்' என்று விலையே வாய்விட்டுப் பேசியிருக்கும். வாங்குகிறவனுக்கும் அது நியாயமான சூதாட்டம். டயோஜனிஸின் வாதத்துக்கு அங்கே பலம் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. எல்லாவற்றுக்கும் உத்தரவாதம் கொடுத்தால்தான் விற்கலாம் என்று விதித்தால், மூடிய தொழிற்சாலையின் சாமானெல்லாம் நேரே இரும்புக் கடைக்குப் போகும். கையில் காசில்லாத மாணவனுக்கு எந்தக் கருவியும் எந்தக் காலத்திலும் கிடைக்காது. ஆனால் சோதித்த சரக்கு 100 டாலருக்கு விற்கிற சந்தையில், சோதிக்காததற்கு 90 கேட்டால்? வார்த்தை கெட்ட சரக்குக்கு, விலை நல்ல சரக்குக்கு. நஷ்டம் வரும்போது அட்டையைக் காட்டலாம், பணம் வாங்கும்போது விலையைக் காட்டலாம். பொய் எந்த இடத்தில் இருக்கிறது என்று விரல் வைக்க முடியாதபடி இரண்டுக்கும் நடுவில் அது குந்தியிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். நம்முடைய இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இல் வந்தது. இன்றும் நடப்பில் இருக்கிறது. அதன் 17-ஆவது பிரிவு மோசடியைப் பற்றியது. உதாரணமாகச் சின்னச் சின்னக் கதைகளை அதில் சொல்லியிருக்கிறார்கள். சட்டம் எழுதியவர்களுக்குள் ஒரு சிறுகதை ஆசிரியர் ஒளிந்திருந்தார் என்பது என் துணிபு. ஒருவன் தன் குதிரையை ஏலத்தில் விற்கிறான். குதிரைக்கு நோய் உண்டு என்று அவனுக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. இது மோசடி ஆகாது என்கிறது சட்டம். அடுத்த கதை: அதே குதிரை, அதே விற்பனை, வாங்குகிறவள் அப்போதுதான் வயதுக்கு வந்த அவனுடைய மகள். இங்கே உறவு குறுக்கே நிற்கிறது. நோயைச் சொல்லியாக வேண்டும். மூன்றாவது: 'நீ மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்' என்று வாங்குகிறவன் சொல்கிறான். விற்கிறவன் மௌனமாக இருக்கிறான். அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

இரண்டாவது கதையை நான் பலமுறை படித்தேன். சட்டம் தன்னை அறியாமலே ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிட்டது. மௌனமாக விற்பது குற்றமில்லை. ஆனால் மகளுக்கு அப்படி விற்காதே. மகளுக்குச் செய்யக்கூடாதது என்று ஒன்று இருந்தால், அது ஒரு தீங்கு என்று முன்பே தெரிந்திருக்கிறது. குதிரை ஒன்றுதான், நோய் ஒன்றுதான். வாங்குகிறவர் யார் என்பது மாறியதும் சொல்ல வேண்டிய கடமை முளைத்துவிடுகிறது. எத்தனை பேரை மகளாக எண்ணுவது என்பதில்தான் தகராறு. மனிதர் அத்தனை பேரும் உறவு என்றார் ஆன்டிபேட்டர். சட்டம் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது. அந்நியனை உபசரிப்பதற்கு வைத்த சொல்லைத் தன் பெயராக வைத்துக்கொண்ட ஊரிலேயே இந்த அட்டை தொங்கியது என்பதை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

இது தனி மனிதர்களோடு முடிகிற விஷயமாகவும் இல்லை. 1970-இல் ஜார்ஜ் அகெர்லோஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர், பழைய மோட்டார்களின் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். எது நல்ல கார், எது ஓட்டை என்று வாங்குகிறவனால் பிரிக்க முடியாதபோது, எல்லாவற்றுக்கும் நடுத்தர விலைதான் கொடுப்பான். நடுத்தர விலைக்குத் தன் நல்ல காரை விற்க அதன் சொந்தக்காரன் சம்மதிக்கமாட்டான், விலகிப் போவான். மிச்சம் இருப்பதில் ஓட்டை அதிகமாகும். விலை இன்னும் இறங்கும். இன்னும் சில நல்லவர்கள் விலகுவார்கள். கடைசியில் சந்தையே இராது. 2001-இல் அவர் பெற்ற நோபல் பரிசுக்கு இந்தச் சிந்தனைதான் வேர். அதே கட்டுரையில் நம் நாட்டுக் குடும்பப் பெண்ணும் வருகிறாள். அரிசியின் நிறத்திலும் வடிவத்திலும் பொறுக்கியெடுத்து வேண்டுமென்றே கலந்த கல்லை, கடையில் வாங்கிய அரிசியிலிருந்து அவள் பொறுக்குகிறாள். முறத்தோடு திண்ணையில் உட்கார்ந்திருந்த நம் பாட்டிமார்கள் பொருளாதார சாஸ்திரத்தில் இடம்பெற்றது இப்படித்தான்.

ஆனால் அரிசியில் கிடக்கும் கல் பல்லில் கடிபடும். நோய்க் குதிரை நாலு தெரு போனதும் நொண்டும். உளுத்த உத்தரம் ஒருநாள் சத்தம் போடும். அளவு கருவி மட்டும் நொண்டாது, கடிபடாது. பொய்யை உண்மையின் குரலிலேயே சொல்லும். வாங்கினவன் அதை நம்பி எழுதிய எண்ணை இன்னொருவன் நம்புவான். அந்த எண்ணை வைத்து மூன்றாமவன் ஒன்றைக் கட்டுவான். அவர்கள் யாரும் அயோக்கியர்கள் அல்ல. எடைக்கல்லே குறைந்திருந்தால், அந்தக் கடையில் எத்தனை யோக்கியமான கை தராசைப் பிடித்தாலும் பயனில்லை. அந்தக் கல்லைச் சோதிக்க இன்னொரு கல் வேண்டும். அதற்கு மேலே இன்னொன்று. கடைசியில் அது டில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் போய் நிற்கும், அமெரிக்காவானால் அவர்களுடைய தேசிய அளவு நிறுவனத்தில். இந்தச் சங்கிலியில் எந்த இடத்தில் கண்ணி விட்டுப்போனாலும் அதற்குக் கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது.

அண்ணாவின் சிநேகிதர் சொன்ன யோசனைக்கு வருகிறேன். மைதானத்து மனிதரை மன்னிக்க ஏதாவது சாக்கு கண்டுபிடிக்கலாம். அவருக்குத் தெரியாது. அண்ணாவுக்குத் தெரியும். அதே அட்டையை அவர் எழுதினால், அதே எழுத்துகள் அவர் கையில் பொய்யாகிவிடும். 'ஆஸ் ஈஸ்' என்று மட்டும் எழுதி, 'சோதிக்கவில்லை' என்பதை விட்டுவிடலாமே என்று நான் வக்கீல் மாதிரி கேட்டுப் பார்த்தேன். "படிக்கிறவன் சோதிக்கவில்லை என்றுதான் புரிந்துகொள்வான். அவன் அப்படிப் புரிந்துகொள்வான் என்று எனக்குத் தெரியும்" என்றார் அண்ணா.

"எழுபது டாலர் போகிறதே?"

"அது அன்றைக்கே போயிற்று. இப்போது போவது வேறு ஒருவனுடைய எழுபது."

அவர் செய்தது இது. எந்தெந்த அலைவரிசையில் எவ்வளவு குறைத்துச் சொல்கிறது என்று அளந்து, சிறிய காகிதத்தில் எழுதி, பழைய சீட்டின் மேலேயே பசை போட்டு ஒட்டினார். இனி அதை உறுப்புகளுக்காகத்தான் யாராவது வாங்குவார்கள். உடல் நல்ல உலோகம், இணைப்பு பழுதில்லை. ஐந்து டாலர் வரும் என்றார் சிநேகிதர். வரட்டும் என்றார் அண்ணா.

பிறகு விற்றவருடைய சீட்டைத் தேடியெடுத்து ஒரு கடிதம் எழுதினார். பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. 'உங்களிடம் வாங்கியது இன்ன இன்ன இடத்தில் தவறுகிறது. ஒரே இடத்திலிருந்து வந்தவை என்றீர்கள். மீதி எட்டும் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பது நல்லது. நான் நல்ல சென்சார் ஒன்றைக் கொண்டுவருகிறேன்; ஒரு மணி நேரம் போதும். கூலி வேண்டாம்.' எழுதிவிட்டு என்னிடம் காட்டினார். நான் படித்துவிட்டு, "இனிமேல் அந்த மனிதரால் தெரியாது என்று சொல்ல முடியாதே அண்ணா" என்றேன்.

"ஆமாம்" என்றார்.

அண்ணி காப்பி கொண்டுவந்து வைத்தார். கடிதத்தைப் பார்த்தார். இதற்கெல்லாம் பதில் வராது, தபால்தலை தண்டம் என்றார். நான் ஊர் திரும்பி நாலு மாதம் ஆகிறது. வாரா வாரம் தொலைபேசியில் பேசுகிறோம். பதில் இன்னும் வரவில்லை. வாசலில் தபால் வண்டியின் சத்தம் கேட்டால் அவரே எழுந்து போகிறார் என்று அண்ணி சொல்லுகிறார்.